"போய்ட்டு வரேன்" என்பது பொய்யா?

நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முதல் மரியாதைகளில் ஒன்று, "போறேன்" என்று சொல்லாமல் "போய்ட்டு வரேன்" என்று சொல்வது. பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை அவசரத்தில் "அம்மா, நான் போறேன்" என்றால் அடுப்படியிலிருந்தே குரல் வரும்: "போறேன்னு சொல்லாதடா, வரேன்னு சொல்லு." கிள்ளான் அடுக்குமாடியிலும் இதே பாடம்தான், பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலும் இதே பாடம்தான். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது இந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. அங்கே சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வர வேண்டும். மறுபடியும் இப்படி ஒரு காரியத்துக்கு இந்த வீட்டு வாசல் ஏறக் கூடாது என்பதுதான் காரணம். அப்படியென்றால் நம் பெரியவர்கள் இதை வெறும் பேச்சுவழக்காக நினைக்கவில்லை. எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது என்று பிரித்து வைக்கும் அளவுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் இருப்பதாக நம்பினார்கள்.

எங்கள் இளைஞர் குழு தமிழ்நாட்டுக்குத் திருத்தல யாத்திரை போனபோது, பழனி அடிவாரத்தில் பஸ் கிளம்பும் நேரத்தில், பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, நான் இந்த ஊருக்கு இனிமே வருவேனான்னே தெரியாது. அநேகமா வர மாட்டேன். ஆனா அந்தப் பூக்கார அம்மாகிட்ட 'போய்ட்டு வரேம்மா'ன்னு சொல்லிட்டேன். இது பொய்தானே?" பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தர்மம், சத்தியம் என்று நாம் மேடையில் பேசுவதையெல்லாம் விட இந்தக் கேள்வி கூர்மையானது என்று பட்டது. பல நாள் யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் பழனி மாதிரி இந்தக் கேள்விக்குப் பொருத்தமான ஊர் வேறு இல்லை.

நம்மில் பலர் பார்த்த ஊர்தான். கோலாலம்பூரில் விமானம் ஏறித் திருச்சியில் இறங்கினால் திண்டுக்கல் வழியாகச் சில மணி நேரப் பயணம். மலைக்கு 693 படிகள். பத்துமலையின் 272 படிகளில் பழகிய நம் கால்களுக்கு அது இரண்டரை பத்துமலை! ஏற முடியாதவர்களுக்கு வின்ச் இருக்கிறது, 2004 முதல் ரோப் காரும் ஓடுகிறது. 2023 அக்டோபரிலிருந்து மேலே கைப்பேசி கொண்டு போகத் தடை. அதனால் இப்போது பழனி முருகனைக் கண்ணால்தான் பார்க்க முடியும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அடிவாரம்தான் நிஜமான ஊர். பஞ்சாமிர்தக் கடைகள், முடி காணிக்கைக் கூடம், பூக்கடை, காவடிக் கடை, சத்திரங்கள். கீழே இருக்கும் திருஆவினன்குடிக் கோயிலைத்தான் நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் படைவீடாகப் பாடினார். மலைக்கோயிலை மட்டும் பார்த்துவிட்டு அதைப் பார்க்காமலேயே பஸ் ஏறிவிடும் கூட்டங்கள் ஏராளம். பேக்கேஜ் டூர் என்றால் அப்படித்தான். மூன்று நாளில் ஒன்பது கோயில், ஒவ்வொன்றாக டிக் போட வேண்டும்.

இந்த மலையின் கதைகளைக் கவனியுங்கள். எல்லாமே கிளம்பிப் போனவர்களின் கதை. மாம்பழம் கிடைக்காத கோபத்தில் கயிலையை விட்டுக் கிளம்பிய பிள்ளை வந்து நின்ற இடம் பழனி. சொல்லிக்கொண்டு கிளம்பிய பிள்ளை இல்லை, கோபித்துக்கொண்டு கிளம்பிய பிள்ளை. அம்மையும் அப்பனும் தேடி வந்து சமாதானம் சொன்னார்கள். ஆனாலும் ஆண்டி இன்றுவரை மலையில்தான் நிற்கிறான். வீடு திரும்பவில்லை.

அடுத்தது இடும்பன். அகத்தியருக்காகச் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு தெற்கே போனவன். வழியில் கொஞ்சம் இளைப்பாறலாம் என்று சுமையை இறக்கினான். மறுபடி தூக்க முடியவில்லை. வந்த இடத்திலேயே போரிட்டு, வீழ்ந்து, முருகன் அருளால் உயிர் பெற்று, அந்த மலைக்கே காவலனாக நின்றுவிட்டான். நாம் எடுக்கும் ஒவ்வொரு காவடியும் அவனுடைய சுமையின் நினைவுதான். "கொஞ்ச நேரம்" என்று இறக்கி வைத்தவன் ஊர்க்காரன் ஆகிவிட்டான். இந்தக் கதையைக் கேட்கும்போது நம் தாத்தா பாட்டிமார்கள் ஞாபகம் வருகிறதா? எனக்கு வருகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

இன்னொன்று. இரவுப் பூசை முடிந்து நடை சாத்தியதும் பக்தர்கள் எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும், யாரும் மலையில் தங்கக் கூடாது என்பது வழக்கம். தைப்பூசத்தையொட்டி எடப்பாடியிலிருந்து காவடியோடு நடந்தே வரும் பர்வதராஜகுலத்தாருக்கு மட்டும் ஓர் இரவு அங்கே தங்கும் உரிமை இருக்கிறது. மற்றபடி எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் மாலையில் ஏறினால் இரவில் இறங்கித்தான் ஆக வேண்டும். பழனி மலையைப் பொறுத்தவரை நாம் எல்லோருமே வந்து போகிறவர்கள்.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம்.

சுலபமான பதில் ஒன்று தயாராக இருக்கிறது. திருக்குறளில் வாய்மை என்ற அதிகாரத்தில் வள்ளுவர், யாருக்கும் தீங்கு தராத பேச்சையே வாய்மை என்கிறார். நன்மை விளையுமானால் பொய்கூட அந்த வரிசையில் சேரும் என்கிறார். "போய்ட்டு வரேன்" என்பதால் யாருக்கு என்ன தீங்கு? ஒன்றுமில்லை. ஆகவே அது வாய்மையே. முடிந்தது பிரச்சினை. கூட்டத்தில் யாராவது கேட்டால் நாமெல்லாம் இதைத்தான் சொல்வோம்.

எனக்கு இந்தப் பதில் போதவில்லை. தீங்கு இல்லை என்று யார் முடிவு செய்வது? சொன்னவரா, கேட்டவரா? சொல்லிவிட்டு பஸ் ஏறுகிறவருக்கு எந்தத் தீங்கும் தெரியாது. காத்திருப்பவருக்குத்தான் தெரியும். வள்ளுவர் வைத்த அளவுகோல் நம்மைத் தப்பிக்க வைப்பதற்கு இல்லை. உன் சொல் போய் விழும் இடத்தைப் பார் என்கிறது அது. கேட்பவரின் வாசலில் நின்று பார்த்தால்தான் அந்தக் குறளுக்கே அர்த்தம் உண்டு.

என் பாட்டி 1937ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். அப்போது அவருக்குப் பதினாறு பதினேழு வயது இருக்கலாம். போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கி, கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். அந்தத் துறைமுகம் 1901ல் திறக்கப்பட்டது, 1972ல்தான் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. பாட்டி கடைசிவரை பழைய பெயரைத்தான் சொல்வார், அதுவும் "சுட்டனாம்" என்று. கிளம்பும்போது தன் அம்மாவிடம் சொன்னாராம்: "போய்ட்டு வரேம்மா. ரெண்டே வருஷம்."

1938ல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குத் தொழிலாளர்கள் அனுப்பப்படுவதை நிறுத்தியது. போக்குவரத்து அப்போதே குறைய ஆரம்பித்தது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. தோட்டத்து ஆண்களைச் சயாம் மரண ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்து கடிதம் வந்தபோது பாட்டியின் அம்மா இல்லை. மலாயாவிலிருந்து யார் ஊர் திரும்பினாலும் அவர்கள் வீட்டுக்குப் போய் "எம்மவளப் பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதைப் பற்றிப் பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். "அப்ப நீங்க சொன்னது பொய்யாப் போச்சா பாட்டி?" பாட்டி கோபப்படவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "வரேன்னு சொன்னது பொய்யில்ல கண்ணு. அத எல்லாரும்தான் சொல்லுவாங்க. ரெண்டு வருஷம்னு கணக்குச் சொன்னேன் பாரு, அதுதான் அவள உக்காத்தி வச்சிருச்சு."

பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக இந்த வித்தியாசத்தை யாரும் சொன்னதில்லை. "வரேன்" என்பது ஒன்று, "ரெண்டு வருஷத்துல வரேன்" என்பது வேறொன்று. முதலாவது, உறவை நான் அறுக்கவில்லை என்று சொல்வது. உன் வாசல் எனக்கு இன்னும் வாசல்தான், நீ எனக்கு அந்நியம் ஆகிவிடவில்லை என்று சொல்வது. அது என்றைக்கும் உண்மையாக இருக்க முடியும், கால் திரும்பாவிட்டாலும்கூட. இரண்டாவது ஒரு வாக்கு. அதைக் கேட்டவர் நாள் எண்ண ஆரம்பிக்கிறார். அதற்குப் பிறகு அந்த நாட்கள் உங்களுடையவை இல்லை, அவருடையவை.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் சட்டத்தால், குடியுரிமை இல்லாத ஆயிரக்கணக்கான நம்மவர்கள் இங்கிருந்து கப்பல் ஏறினார்கள். பிறந்ததிலிருந்து தோட்டத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத பிள்ளைகள் பக்கத்து லயத்துப் பிள்ளைகளிடம் "போய்ட்டு வரோம்" என்று சொல்லிவிட்டு, பார்த்தே இராத 'சொந்த ஊருக்கு'ப் போனார்கள். யார் யாரிடம் விடைபெறுவது என்றே புரியாத விடைபெறல் அது.

இத்தாலிக்காரர்களிடம் இரண்டு சொல் இருக்கிறது. 'அரிவெதெர்சி' என்றால் மறுபடி பார்க்கும்வரை. 'அத்தியோ' என்றால் இனி கடவுள் பாடு, முடிந்தது. ரோமுக்கு வடக்கே சிவிதா தி பாஞ்ஞோரேஜோ என்று ஒரு பழைய மலையூர் இருக்கிறது. களிமண்ணுக்கு மேல் மென்மையான எரிமலைப் பாறை, அந்தப் பாறையின் உச்சியில் வீடுகள். மழையும் காற்றும் பாறையை அரிக்க அரிக்க விளிம்பில் இருந்த வீடுகள் சரிந்து கீழே போய்விட்டன. 1695ல் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு பெரும்பாலான குடும்பங்கள் வெளியேறிவிட்டன. இப்போது ஊருக்குள் போக ஒரு நடைபாலம் மட்டும்தான். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். 'சாகும் ஊர்' என்றே அதற்குப் பெயர். பார்க்க வருபவர்கள் மட்டும் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், 2013 முதல் நுழைவுக் கட்டணமும் வாங்குகிறார்கள். பாலத்தில் திரும்பி நடக்கும் பயணி எந்தச் சொல்லைச் சொல்வார்? 'மறுபடி பார்ப்போம்' என்றால், அவர் வராமல் போகலாம், ஊரே இல்லாமலும் போகலாம். ஆனால் 'அத்தியோ' என்று சொல்லிவிட்டுப் போனால், உயிரோடு இருப்பவர்கள் வீட்டில் சாவு வீட்டு வழக்கத்தைச் செய்த மாதிரி ஆகிவிடும். அங்கே ஜன்னலில் பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு யாரோ ஒரு பெரியம்மா இன்னும் இருக்கிறார் இல்லையா?

நம் தமிழில் அந்த இரண்டாவது சொல்லும் இருக்கிறது, "போறேன்" என்று. பெரியவர்கள் அதை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்தார்கள். விடை தெரியாத விஷயத்தில் கதவைச் சாத்தும் சொல்லை உன் வாயால் சொல்லாதே, சாத்துவது காலத்தின் வேலை என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

இங்கே படித்த பிள்ளைகள் ஒரு மறுப்பு சொல்வார்கள். "அக்கா, நம்ம சமயம் பற்றறுக்கத்தானே சொல்லுது? பழனியாண்டியே துறவி. அப்புறம் எதுக்கு ஊர்மேல பாசம், திரும்பி வருவேன்னு பேச்சு?" நல்ல கேள்வி. ஆனால் பற்றறுப்பது வேறு, ஒட்டாமலே போவது வேறு. முருகன் துறந்தது தன் சொந்த வீட்டை. துறப்பதற்கு அவனிடம் ஏதோ இருந்தது. ஒன்பது கோயிலில் ஐந்தாவது என்று டிக் போட்டுவிட்டு, பஞ்சாமிர்த டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஊர்ப் பெயரைக்கூட மறந்துபோய் அடுத்த ஊருக்குக் கிளம்புகிறவரிடம் துறப்பதற்கு என்ன இருக்கிறது? அவர் துறவி இல்லை, வாடிக்கையாளர். அவர் சொல்லும் "போய்ட்டு வரேன்" மட்டும்தான் என் கணக்கில் பொய். அவர் திரும்பி வராமல் போவது அதற்குக் காரணம் இல்லை. அவர் வந்திருக்கவே இல்லை, அதுதான் காரணம்.

ஆகவே தம்பிக்கு என் பதில்: நீ சொன்னது பொய் இல்லை. ஆனால் உன் கூட வந்த சிலர் சொன்னது எனக்குக் கவலையாக இருந்தது. பூக்கார அம்மாவிடம் ஒரு தங்கை, "அடுத்த தைப்பூசத்துக்குக் கண்டிப்பா வருவோம், உங்க பேத்திக்கு மலேசியாவிலேருந்து சாக்லேட் கொண்டாறேன்" என்று சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அந்த அம்மா முகம் எவ்வளவு மலர்ந்தது என்று நான் பார்த்தேன். இன்னொருவன் அவரைப் படம் எடுத்து, "வாட்ஸ்அப்ல அனுப்புறேம்மா" என்றான். நம்பரை வாங்கிக்கொள்ளவே இல்லை. தைப்பூசத்தன்று நாம் பத்துமலையிலோ கிள்ளானிலோ தண்ணீர்ப் பந்தலில் நிற்போம், வருடா வருடம் அப்படித்தான். மலைமேல் நிற்பவனுக்கு நாம் வருவோமா மாட்டோமா என்று தெரியும். அவனிடம் "அடுத்த வருஷம் வரேன்" என்று சொன்னால் அவன் சிரித்துக்கொள்வான், நாள் எண்ண மாட்டான். அடிவாரத்தில் பூ கட்டுகிறவர் எண்ணலாம். கோயிலில் சொல்லும் சொல்லை விடக் கடைத்தெருவில் சொல்லும் சொல்லுக்கு நாம் அதிகமாகப் பயப்பட வேண்டும் என்பது என் கட்சி. இதை ஒப்புக்கொள்ளாத பெரியவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள் என்று தெரியும்.

அப்படியானால் கிளம்பும்போது ஒரு பயணி வேறென்ன சொல்லலாம்? "வரேன்" என்பதில் எல்லாமே என்னைப் பற்றித்தான் இருக்கிறது. நான் வருவேன், நான் மறக்க மாட்டேன். அந்த ஊருக்காக, அங்கே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்ப முடியாதா?

முடியும். இதே பழனியில் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் நான்கு பயணிகள் அப்படிச் செய்திருக்கிறார்கள். அப்போது இந்த மலைக்குப் பொதினி என்று பெயர். ஆவியர் குடித் தலைவன் பேகன் இந்தப் பக்கத்தை ஆண்டான். மயிலுக்குக் குளிரும் என்று போர்வை கொடுத்த அதே பேகன்தான். பள்ளிப் புத்தகத்தில் அந்தப் போர்வையோடு கதை நின்றுவிடுகிறது. மயிலுக்கு இரங்கிய அவன் தன் மனைவி கண்ணகியை விட்டுப் பிரிந்து வேறொரு பெண்ணோடு இருந்தான் என்பதைப் புறநானூறு மறைக்காமல் சொல்கிறது. (இவள் சிலப்பதிகாரக் கண்ணகி இல்லை.)

கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்ற நான்கு புலவர்களும் ஊர் ஊராக நடந்து, பாடிப் பரிசு வாங்கிப் பிழைத்தவர்கள். பசியோடு வந்தவர்கள். அவன் மலையைப் பாடியபோது வாசலில் ஒரு பெண் அடக்க முடியாமல் அழுவதைப் பார்த்திருக்கிறார்கள். யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். பிறகு அவன் முன்னால் போய் நின்று, பரிசில் கேட்க வேண்டிய இடத்தில், எங்களுக்குப் பொன்னும் நகையும் வேண்டாம், எங்களுக்குத் தர நினைத்தால் உன் தேரைப் பூட்டு, போய் அவள் துயரத்தைத் தீர்த்து வை என்று கேட்டார்கள். அதுவும் பரணர் இன்று இரவே போ என்கிறார். நாளைக்கு என்று சொல்லக்கூட அவனுக்கு இடம் தரவில்லை.

அவர்களுக்கு அந்த ஊரில் வீடு இல்லை, உறவு இல்லை. மறுநாள் வேறு ஊர், வேறு மன்னன். வெறும் கையோடு மலை இறங்கியிருக்கலாம். பேகன் அன்று இரவு தேர் ஏறினானா என்று அந்தப் பாடல்கள் எதிலும் இல்லை.